யாருக்கு என்று கேட்டார் நர்சம்மா

படித்தவர்களுக்கு வரும் நோய்களில் மோசமானது, 'தெரியாது' என்ற சொல் வாயில் வராமல் போவது. எனக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், ரேடியோவில் எந்தப் புது வார்த்தை கேட்டாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் ஏதாவது சொல்லிவிடுவேன். (பாதி நேரம் வாய்க்கு வந்ததுதான்.) பொன்னேரிக் கல்லூரியில் பி.ஏ. முடித்த பிறகு, தெரியாது என்று சொல்வதே கௌரவக் குறைச்சலாகிவிட்டது.

சென்னையில், டி.வி.க்காகச் செய்திப் படங்கள் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. "ஒரு படம் முடியட்டும். சரியா வந்தா வேலை நிரந்தரம், இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிடும்மா" என்று டைரக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் அதிர்ஷ்டம், முதல் படமே எங்கள் பழவேற்காட்டு ஏரி. சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை.

"இறால் பிடிக்கிறதைப் பத்தி வேற யாரோ ஏன் சார் பேசணும்? எங்கம்மா தண்ணியில உட்கார்ந்து கையால தடவிப் பிடிப்பாங்க. பிடிச்சிக்கிட்டே பேசுவாங்க."

டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பெனிக்கு அப்போதுதான் வயர்லெஸ் மைக் ஒன்று வந்திருந்தது. நடு ஏரியில் இருந்து, கம்பியே இல்லாமல், ஒரு பெண்ணின் குரல் கரைக்கு வரும். அவர் கண்ணில் பரிசுக் கோப்பையே தெரிந்தது. என் கண்ணில் நிரந்தர வேலை.

அந்த மைக்கைக் கையாண்டவர் கருணாகரன் அண்ணன். ஒலிப்பதிவாளர். காதில் எப்போதும் ஹெட்போன் இருப்பதாலோ என்னவோ, அதிகம் பேசாத மனிதர். எங்கள் ஊர்க் கரையில் வந்து இறங்கியதும் சாமான்களை எனக்குக் காட்டினார். பட்டாணி அளவில் ஒரு மைக். அதிலிருந்து ஒரு ஒயர் போய்ச் சேரும் சிகரெட் பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டர். அதற்கு வால் மாதிரி ஒரு ஏரியல். அது அனுப்புவதைப் பிடிக்கும் ரிசீவர் கரையில் இருக்கும்.

"பெட்டி தண்ணிக்குள்ள முழுகினா சத்தம் வராது. அம்மா தலையில சும்மாடு கட்டி, அதுக்குள்ள வச்சிடலாம்" என்றார். "ஆனா உப்புத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போனாலும் பெட்டி காலி. உறை போடணும். நான் எடுத்துட்டு வர மறந்துட்டேன்."

"என்ன உறைண்ணா?"

அவர் ஏரியைப் பார்த்தார். "ரப்பர் உறை. சுகாதார நிலையத்துல இலவசமாவே தருவாங்க. நீ போக வேணாம். டிரைவரை அனுப்பு."

"டிரைவர் எதுக்கு? இது என் ஊரு. எனக்குத் தெரியும்."

(எனக்குத் தெரியாது. ஊசி மருந்துப் புட்டிக்குப் போடும் ஏதோ மூடி என்று நினைத்துக்கொண்டேன்.)

அவர் "வேணாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் பாதி வழி போய்விட்டேன்.

சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். எங்கள் குப்பத்துப் பெண்கள் பாதிப்பேர் வரிசையில் இருந்தார்கள். நான் கம்பெனி ஆள் என்ற மிடுக்கோடு நேராக மேசைக்குப் போனேன்.

"நர்சம்மா, ரப்பர் உறை வேணும்."

"எந்த உறை?"

"இலவசமாக் குடுப்பீங்களே, அது."

சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லாத கழுத்து.

"யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு."

வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்தினார்கள்.

"உங்க நைனாவுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்றார் நர்சம்மா மெதுவாக. "நான்தானே கூட்டிக்கினு போனேன்."

ஆபரேஷன் எனக்கும் தெரியும். நைனாவுக்கு வயிற்றுவலி வந்தது, அறுத்தார்கள், வலியைப் பொறுத்துக்கொண்டதற்காகச் சர்க்கார் ஒரு டிரான்சிஸ்டர் கொடுத்தது. சின்ன வயதில் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். பி.ஏ. முடித்தும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"நைனாவுக்கு இல்ல, அம்மாவுக்குத்தான். இன்னிக்கு ஏரியில எறங்குறாங்க. மெட்ராஸ்ல இருந்து ஆளுங்க வந்து படம் எடுக்கிறாங்க."

பின்னால் யாரோ "யம்மாடி" என்றார்கள்.

நர்சம்மா அலமாரியைத் திறந்தார். "ஒண்ணு போதுமா?"

"நாலஞ்சு குடுங்க. நடுவுல கிழிஞ்சா மாத்தணும்."

தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன். அந்த நடையை இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கரைக்கு வந்து நீட்டினேன். கருணாகரன் அண்ணன் என்னைப் பார்க்காமல் வாங்கி, ஒன்றைப் பிரித்தார். உள்ளே இருந்தது, எங்கள் ஊர்ப் பையன்கள் ஊதி விளையாடும் வெள்ளை பலூன். அப்போதுதான் என் கையில் மிச்சமிருந்த பாக்கெட்டின் மேல் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று அச்சடித்திருந்ததைப் படித்தேன். பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள், இதை மட்டும் படிக்காமல் வாங்கி வந்திருக்கிறேன். நர்சம்மாவின் கேள்வியும், நைனாவின் வயிற்றுவலியும், டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் விளங்கின. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருக்க நேரமில்லை. செய்தி எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. நைனா டிரான்சிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார். பின்னால் அம்மா.

"சார், ஏரியில இன்னா படம் எடுக்கப் போறீங்கோ?" என்றார் நைனா டைரக்டரிடம்.

ஒன்றும் அறியாத டைரக்டர் சிரித்தார். "உங்க சம்சாரம் தினமும் செய்யிறதைத்தாங்க."

நைனா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை எழுத வரவில்லை.

"நான் தண்ணியில கால் வைக்க மாட்டேன்" என்றார் அம்மா. "கரை பூரா பொம்பளைங்க வாயில துணிய வச்சிக்கினு சிரிக்கிறாளுங்க."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என் வேலை கண்ணெதிரே பஸ் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கிச் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் நைனா முன்னால் அந்தப் பாக்கெட்டைப் பற்றி நான் என்னவென்று விளக்குவது?

கருணாகரன் அண்ணன்தான் எழுந்து வந்தார். டிரான்ஸ்மிட்டரை அந்த உறைக்குள் நுழைத்தார். வால் ஏரியலையும் உள்ளே விட்டு, மைக் ஒயரை மட்டும் வெளியே விட்டு, வாயை ரப்பர்பேண்டால் இறுக்கினார். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, மைக்கோடு அம்மா கையில் கொடுத்தார். ஹெட்போனை நைனா காதில் மாட்டினார்.

"கொஞ்ச தூரம் நடந்து போய் ஏதாவது பேசுங்கம்மா."

அம்மா ஓடங்கள் வரை போய் நின்றார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நைனா திடுக்கிட்டு, அக்குளில் இருந்த டிரான்சிஸ்டரை எடுத்து மணலில் வைத்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"அந்தச் சனியனைக் கீழ வையின்னா." நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே கீது."

பெட்டியையும் மைக்கையும் தலைச் சும்மாட்டில் செருகிக்கொண்டு அம்மா தண்ணீரில் இறங்கினார். டைரக்டர் ஒரு ஹெட்போனும் நான் ஒன்றும் மாட்டிக்கொண்டோம். கேமரா ஓடியது. மூச்சுச் சத்தம். தண்ணீர் அலம்பும் சத்தம். மறுபடி மூச்சு.

"பேசவே இல்லையேம்மா" என்றார் டைரக்டர் என்னிடம்.

அம்மா எப்படிப் பேசுவார்? இரண்டு கையும் சேற்றைத் தடவும்போது, பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக் கழுத்தருகே தொங்கவிட்டிருப்பார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பேசிக்கொண்டே பிடிப்பார் என்று சென்னையில் உட்கார்ந்து சொன்னபோது, அம்மாவின் வாயில் பறி இருக்கும் என்பது எனக்கு நினைவே வரவில்லை. வேலை நேரத்தில் அவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்றுதானே அர்த்தம்?

பறி நிறைந்ததும் அம்மா அதை வாயிலிருந்து எடுத்தார். பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த எல்லம்மா அக்கா, தன் பறியையும் எடுத்துவிட்டு ஏதோ கேட்டுச் சிரித்தார். அம்மாவின் குரல் என் காதுக்குள் வந்தது.

"சிரிக்காதடி. அவளுக்கு இன்னா தெரியும்? பள்ளிக்கூடம் போனதுல இருந்து அவதான் எனக்குச் சொல்வா, நான் கேட்டுக்குவேன். அவளுக்குச் சொல்ல நம்மகிட்ட இன்னா கீதுன்னு இருந்துட்டேன். பொண்ணாச்சே, நான் சொல்லியிருக்கணும்."

மறுபடி பறியைக் கடித்துக்கொண்டார். மூச்சும் தண்ணீரும் மட்டும்.

எங்கள் ஊர்ப் பேச்சின் வேகத்தில் டைரக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலை சார்" என்றேன்.

அந்தச் சொல் முதல் தடவையாக என் வாயில் வந்தது. அதுவும் பொய்யாக.

கருணாகரன் அண்ணன் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குப் புரிந்திருக்கும். படத்தில் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்ணின் மூச்சும் ஏரித் தண்ணீரும் மட்டும் நெடுநேரம் கேட்கும் அந்த இடத்தை எல்லோரும் பாராட்டினார்கள். டைரக்டர் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். என் வேலை நிரந்தரமானது.

ஊரில் நான் வாங்கிய பெயரும் நிரந்தரமானது. எங்கள் வீட்டில் யார் கடைக்குக் கிளம்பினாலும் நைனா டிரான்சிஸ்டர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "யாருக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவே?" என்பார். வாண்டுகள்வரை கோரஸாக, "எங்கம்மாவுக்கு."

போன மாதம் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்க அவரும் நானும் பொன்னேரிக்குப் போனோம். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க?" என்றார். கடையில் கூட்டம். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"எனக்குத்தாம்பா" என்றார் அம்மா பின்னாலிருந்து, வேண்டுமென்றே உரக்க. "பொண்ணு படிச்சவ. சொல்ல வெக்கப்படுது."