அறுபத்திரண்டாம் பக்கத்து வட்டம்

குறியீடு பிடிப்பவர் என்றோர் இனம் உண்டு. கதையில் மழை பெய்தால் நாம் குடையைத் தேடுவோம். அவர் ஆசிரியரின் இளமைக்காலத்தைத் தேடுவார். நாயகன் தும்மினால் அது சளி அல்ல, சமூகம். கதவு மூடியிருந்தால் மனம். திறந்திருந்தால் அதுவும் மனம். அப்படியானால் வீட்டுக்குள் எப்படித்தான் போவது? கேட்டுவிடாதீர்கள், இன்னொரு மணி நேரம் போய்விடும்.

எங்கள் பேட்டையான காக்ஸ் டவுனில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஆராவமுதன், ஓய்வுபெற்ற ஆங்கில விரிவுரையாளர். தொண்ணூற்று நான்கில் சனிக்கிழமைதோறும் சர்ச் ஹாலில் வாசகர் வட்டம் நடத்தினார். எடுத்துக்கொண்டது ஒரு பழைய அமெரிக்க நாவல்: வெள்ளத்தில் காணாமற்போன தம்பியைத் தேடிப் போகும் படகோட்டியின் கதை. புத்தகம், வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நோரா டீச்சருடையது. மற்றவர்கள் கையில் அதன் ஜெராக்ஸ். டீச்சரின் கணவர் தினமும் அவருக்கு அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார், பாதியில் காலமாகிவிட்டார். மீதியைத் தனியே படிக்க நோராவுக்குத் துணிவில்லை. படகோட்டி வீடு திரும்பினானா என்பதை நாலு பேரோடு உட்கார்ந்து தெரிந்துகொள்ளலாமென்று வந்தார்.

ஏழு வாரம் படகு கரையை விட்டு நகரவில்லை. துடுப்பு என்பது மனசாட்சியா, திருமணமா என்பதிலேயே இரண்டு வாரம் போயிற்று.

பத்தாம் வாரம் ஒருவழியாக அறுபத்திரண்டாம் பக்கம் வந்தது. ஜெராக்ஸின் ஓரத்தில் ஒரு கருவட்டம். ஆராவமுதன் எழுந்தே நின்றுவிட்டார். கிரகணம் என்றார், முடிவின்மை என்றார், சொற்கள் தோற்ற இடத்தில் ஆசிரியர் வரைந்துவிட்ட சூனியம் என்றார். எல்லாரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள், ஹாலைப் பூட்டக் காத்திருந்த முனிகிருஷ்ணன்கூடத் தலையாட்டினார்.

"சார், அது டீ கிளாஸ் வெச்ச தடம்," என்றார் நோரா. "எங்க வீட்டுக்காரர் வெச்சது. அங்கதான் நிறுத்தினார்."

வேறு யாராயிருந்தாலும் சுருண்டிருப்பார். இவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அதையேதாம்மா நானும் சொல்றேன். டீங்கறது இங்க என்ன?"

முனிகிருஷ்ணன் சாவிக்கொத்தைக் குலுக்கினார். "அது கெடக்கட்டும் சார். அந்தாளு வூடு வந்து சேந்தானா, இல்லியா?"

நோரா பக்கத்தைப் புரட்டி, உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஆராவமுதன் கை உயர்ந்தபோதெல்லாம் முனிகிருஷ்ணன், "இரு சார்," என்றார். மூன்றே சனிக்கிழமைகளில் படகோட்டி வீடு வந்தான், தம்பி இல்லாமல். பசிக்கிறது என்றான். கதை முடிந்தது.

நோரா தன் டீ கிளாஸைக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து, எடுத்தார்.

அந்த இரண்டாவது வட்டத்துக்கு என்ன பொருள் என்றுதானே இப்போது யோசிக்கிறீர்கள்? ஆராவமுதனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.