சகலையின் கோழிகளும் என் வயிற்றெரிச்சலும்

அடுத்தவன் கார் வாங்கினால் மனதார வாழ்த்துவேன். வெளிநாடு போனால் மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்புவேன். ஆனால் அவன் வீட்டுக் கோழி என் வீட்டுக் கோழியைவிட ஒரு முட்டை அதிகமாக இட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் பொறாமை அப்படிப்பட்ட சில்லறைப் பொறாமை.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் மனைவி கோமதியும் மந்தைவெளியில் வாடகைக்கு இருந்தோம். கொல்லையில் ஆறு கோழிகள். மேற்கு மாம்பலத்தில் கோமதியின் அக்கா வீட்டிலும் ஆறு. அக்காவின் கணவர் செல்வம் எனக்குச் சகலை. இரண்டு வீட்டுக்கும் குஞ்சுகளை வாங்கிக் கொடுத்தவர் தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த எங்கள் மாமனார். (ஒரே நாளில், ஒரே கூடையிலிருந்து. அதனால் கோழி மேல் பழி போடவும் வழியில்லை.)

செல்வத்தின் கோழிகள் நாள் தவறாமல் முட்டையிட்டன. என்னுடையவை தின்றன, கொல்லையை அசிங்கம் செய்தன, என்னை முறைத்தன. எப்போதாவது மனமிரங்கி ஒரு முட்டை.

"செல்வம் மாப்ள வீட்டு முட்டை! மஞ்சக்கரு எப்படி இருக்கு பாத்தீங்களா?" என்று மாமனார் விருந்துக்கு விருந்து சொல்வார். அந்த ஆம்லெட் எனக்கு நெஞ்சிலேயே நிற்கும். (இரண்டாவது ஆம்லெட் கேட்டு வாங்கியதும் உண்மைதான்.)

பொறுக்க முடியாமல் ஒருநாள் செல்வத்திடமே ரகசியத்தைக் கேட்டேன். அவருக்குக் கால்நடை மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் ஒரு டப்பாவையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இதுல நல்ல கிருமி இருக்கு சகலை. தயிர்ல இருக்கே, அந்த வகை. கோழி குடல்ல உக்காந்துக்கிட்டுக் கெட்ட கிருமிய அண்ட விடாது. தின்ன தீனி உடம்புல ஒட்டும், முட்டை ஒழுங்கா வரும். ஆனா கலக்குற தண்ணி மட்டும்..."

அதற்குமேல் என் காதில் விழவில்லை. இவ்வளவு நல்லவராகவும் இருந்து தொலைக்கிறாரே என்ற எரிச்சல் காதை அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் 'கிருமி' என்ற சொல் உறுத்தியது. நல்லதானாலும் கிருமி கிருமிதானே? பொடியைக் கொதிக்கிற வெந்நீரில் கலக்கி ஆறவைத்தேன். செல்வத்தை ஒரு படி முந்த வேண்டாமா? கோழிகளுக்கான ஆண்டிபயாடிக் பொடியும் வாங்கிச் சேர்த்தேன். சில நாட்களில் அந்த எப்போதாவது முட்டையும் நின்றது. கழிச்சல் வேறு.

அந்தச் சமயம் பார்த்து மாமனார் சொல்லியனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை செல்வத்தோடு கோழி பார்க்க வருகிறாராம்.

சனிக்கிழமை தெருமுனைக் கடையில் ஆறு நாட்டுக்கோழி முட்டை கேட்டேன்.

"இன்னா சார், கோழி வளக்குற வூட்டுக்கே முட்டையா? கோழிங்க லீவுல கீதா?" என்றார் கடைக்காரர்.

முட்டைகளை ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எழுந்து எடுத்து வைப்பதாகத் திட்டம். எழுந்தது அழைப்பு மணி கேட்டுத்தான். அவர்களைக் கோமதி வரவேற்பதற்குள் கொல்லைக்கு ஓடி, ஆறையும் வைக்கோல் கூடையில் வைத்து, ஒரு கோழியைப் பிடித்து மேலே உட்காரவைத்தேன்.

மாமனார் கோழிக்கு அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். முகம் மலர்ந்தது. பிறகு முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, சில்லுன்னு இருக்கு?"

"இப்பத்தான் போட்டுச்சு மாமா."

"இப்பப் போட்டது சூடால்லா இருக்கும்?"

"சாந்தோம் கடல் காத்து மாமா. நேரா இங்கதான் அடிக்கும்."

"கோழிக்கு அடியிலயுமா?"

முதலில் சிரித்தது என் தர்மபத்தினிதான். செல்வம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் குனிந்து கோழிகளின் எச்சத்தைப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணியில கலந்தீங்க சகலை?" என்றார் மெதுவாக. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"சுடுதண்ணியிலயே நல்லதெல்லாம் செத்துருக்கும். தப்பிச்சதையும், கோழி வயித்துல ஏற்கெனவே இருந்ததையும் ஆண்டிபயாடிக் பாத்துக்கிட்டிருக்கும்."

ஆண்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லி, இன்னொரு டப்பாவும் கொடுத்தார். வாரா வாரம் வந்து பார்த்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் என் கொல்லையிலும் முட்டைகள், நிஜமாகவே சூடாக. மாமனார் ஊரெல்லாம் சொன்னார்: "செல்வம் மாப்ள கைராசியப் பாத்தீங்களா!"

இன்றும் குடும்ப விசேஷங்களில் நான் கொஞ்சம் பெருமையடிக்க ஆரம்பித்தால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கோமதி வந்து புறங்கையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சபையைப் பார்த்து அறிவிப்பாள்:

"சில்லுன்னு இருக்கு."