யாரும் கேட்காத அவுட்

தன் சொந்த டீமைத் தன் ஒற்றை விரலாலேயே ஒரு சீசன் முழுக்கத் தோற்கடித்த மேனேஜர் இந்த வளைகுடா நாடுகள் அத்தனையிலும் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் சிக்னல். டீமை ஆரம்பித்ததும் அவர்தான், அதை ஒவ்வொரு வாரமும் காலி செய்ததும் அவர்தான். இன்றைக்கு எங்கள் பசங்கள் முதுகில் பெயர் போட்ட ஜெர்சி மாட்டிக்கொண்டு இரண்டாம் டிவிஷனில் அலட்டுகிறார்களே, அந்த ஜம்பமெல்லாம் அப்போது கிடையாது.

சிக்னல் என்பது அவர் பெயரல்ல, தொழில். ஜெபல் அலியில் எங்கள் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டருக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுகிற வேலை. தூக்கு, இறக்கு, இடது பக்கம், மெதுவா, நிறுத்து. எல்லாம் கைதான். நான் அதே யார்டின் ஆபீஸில் டைம் கீப்பர். யார் வந்தான், யார் லீவில் போனான் என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அவருடைய லீவு ஃபாரம் வரும்போது மட்டும்தான் அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே எனக்கு ஞாபகம் வரும்.

டியூட்டி முடிந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. கேம்ப் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவருக்கு முன்னால் தட்டோடு நின்று, "இறக்கு... இறக்கு... கொஞ்சம்... போதும்" என்று விரலாலேயே கரண்டியை இறக்குவார். ஒருமுறை என் காரைப் பார்க் செய்ய உதவுகிறேன் என்று பின்னால் போய் நின்றார். பார்க்கிங்கில் வேறு வண்டியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்திருக்கலாம். ஆனாலும் அவர் கை காட்டக் காட்டக் கால் மணி நேரம் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனேன். இறங்கிப் பார்த்தால், இரண்டு பக்கமும் கோட்டுக்குச் சமதூரத்தில் வண்டி நிற்கிறது. திட்டவும் முடியவில்லை.

அந்தப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கிரிக்கெட் லீக் நடத்தினார்கள். டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப் சுற்றி ஆடுகிற ஆட்டம். அதன் மூன்றாம் டிவிஷனில் எங்களைச் சேர்த்துவிட்டார் சிக்னல். மூன்றுக்குக் கீழே டிவிஷன் இல்லை. இருந்திருந்தால் அதில்தான் சேர்த்திருப்பார்கள். ஜெர்சி இல்லாததால் யார்டில் போடுகிற மஞ்சள் சேஃப்டி ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு இறங்கினோம். எதிர் டீம் ஆட்கள் ரோடு போட வந்தவர்கள் என்று நினைத்து எங்களிடம் வழி கேட்டார்கள்.

முதல் மேட்சிலேயே மானம் போயிற்று. எங்கள் பவுலர் போட்ட பந்து எங்கேயோ போக, எதிர் டீம் அம்பயர் வைடு என்று இரண்டு கைகளையும் அகல விரித்தார். எங்கள் யார்டில் யாராவது அப்படிக் கையை விரித்தால் எமர்ஜென்சி ஸ்டாப். காட்டுகிறவன் யாராக இருந்தாலும் சரி, இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் பதினோரு பேரும் சிலையாக நின்றார்கள். பந்து தன்பாட்டுக்கு உருண்டு பவுண்டரியைத் தாண்டிப் போயிற்று. எல்லைக்கு வெளியே நின்ற சிக்னல் கைதட்டினார். "பாத்தீங்களா சார், ஒருத்தன் அசைஞ்சானா? அதுதான் டிரெய்னிங்கு!"

இது கூடப் பரவாயில்லை. அந்த லீக்கில் ஒரு பழக்கம் உண்டு. பேட்டிங் பிடிக்கிற டீமே அம்பயரையும் தர வேண்டும். வெளி அம்பயருக்கு ஆள் கிடையாது. அதனால் எல்லா டீமிலும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: நம்ம ஆள் பேட்ஸ்மேன் என்றால் நம்ம அம்பயருக்குக் கண் கொஞ்சம் மங்கும், காது கொஞ்சம் அடைக்கும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம். சிக்னல் மட்டும் செய்யவில்லை. எதிர் டீம் சும்மா வாய்க்கு வந்தபடி கத்தினாலும், உண்மையிலேயே அவுட் என்றால் விரலைத் தூக்கிவிடுவார். ஒரே மேட்சில் எங்கள் ஆட்கள் நாலு பேருக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார். நாலாவதுக்கு எதிர் டீம் பவுலரே கூச்சப்பட்டுப்போய், "பாய், நாங்க சும்மாதான் கேட்டோம்" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யோவ், நீர் நம்ம டீம்தானேய்யா?" என்று கேட்டேன்.

"நம்ம டீமுதான் சார்."

"அப்புறம் எதுக்குய்யா விரலைத் தூக்குறீர்?"

"சார், முப்பது டன்னு மேல தொங்குது. அடியில ஆளு நிக்கிறானா இல்லையான்னு ஆபரேட்டருக்குத் தெரியாது. என் கைய மட்டுந்தான் பாக்குறான். இந்தக் கை ஒரு தடவ பொய் சொல்லிருச்சுன்னா, அப்புறம் நானே இத நம்ப மாட்டேன் சார். இது வெளையாட்டு, அது வேலைன்னு கைக்குத் தெரியுமா?"

அவர் சொன்னது சரிதான். கோபம்தான் போகவில்லை.

மூன்றாவது தோல்வி அன்று மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அவர் ஒரு சபதம் போட்டார். "ஒரு மேட்ச்சு, ஒரே ஒரு மேட்ச்சு ஜெயிக்காம நான் ஊருக்குப் போறதில்ல." எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். மடையன். அவருக்கு லீவு கெடு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது என்பது என் ரிஜிஸ்டரிலேயே இருந்தது. மறுநாள் வந்து, ஏற்கெனவே கொடுத்திருந்த லீவு ஃபாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஒருமுறை கொடுத்து, மேட்ச் தோற்றதும் மறுபடி வாங்கிக்கொண்டு போனார். ஊருக்குப் போயே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த மனிதர் அவர்.

ஒருநாள் ஆபீஸில் இருக்கும்போது அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து எனக்கு போன். சிக்னலின் மனைவி செல்வி. அவசரத்துக்கு என்று அவர் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாராம்.

"அண்ணே, இப்பதான் அவசரம் வந்திருக்கு. அவரு எப்பண்ணே வருவாரு?"

சபதத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் இழுத்தேன். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"எத்தன பேருண்ணே வெளையாடுறீங்க?"

"பதினோரு பேரும்மா."

"பதினோரு பேர்ல ஒருத்தருக்குக் கூடவா வெளையாடத் தெரியாது?"

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. செல்வி சண்டைக்காரி இல்லை. குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"கிரிக்கெட்டு எனக்குத் தெரியாதுண்ணே. ரெண்டு வருசம் எவ்வளவு நீளம்னு தெரியும். எப்படியாச்சும் ஒண்ண ஜெயிச்சுக் குடுத்துருங்கண்ணே."

சீசனில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மேட்ச். டிரெய்லர் டிரைவர்களின் டீமோடு. அதை விட்டால் அடுத்த சீசனுக்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவர்களின் கேப்டன், விக்கெட் கீப்பர், மூளை எல்லாம் கான் பாய் என்கிற பெஷாவர்க்காரர். யார்டு கேட் பக்கத்து டீக்கடையில் அவரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சபதம், செல்வி, எல்பிடபிள்யூ என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கான் பாய் டீயைக் கீழே வைத்தார்.

"தோற்கச் சொல்றியா?" என்று இந்தியில் கேட்டார்.

"அப்படியில்ல பாய்..."

"தோற்க மாட்டோம். அது அசிங்கம். உனக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம்." பிறகு தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆனா, நாங்க எதையும் கேட்க மாட்டோம். யாரும் கேட்காம அம்பயர் எப்படி அவுட் கொடுப்பார்?"

சட்டமும் அதுதான். ஃபீல்டிங் டீம் கேட்டால்தான் அம்பயர் விரல் எழும்ப முடியும். நான் கான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். தானும் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னார்.

மேட்ச் அன்று அவர்கள் பத்து ஓவரில் எழுபத்தொன்று அடித்தார்கள். நாங்கள் பேட்டிங் பிடித்தோம், சிக்னல் தொப்பியோடு அம்பயராகப் போய் நின்றார். ஸ்டம்ப் பறந்தவர்கள் பறந்தார்கள். அதற்கு யாரும் கேட்க வேண்டியதில்லையே. ஆனால் காலில் நேராக வாங்கிய ஒரு பந்துக்கு எதிர் டீமில் மூச்சுச் சத்தம் கூடக் கேட்கவில்லை. சிக்னலின் வலது கை பாதி எழுந்து அப்படியே நின்றது.

"அப்பீல் கரோ பாய்!" என்று, அவுட் கேட்கச் சொல்லி அவரே கெஞ்சினார்.

கான் பாய் வானத்தைப் பார்த்தார். "டவுட் ஹை பாய்." சந்தேகமாம்.

பத்தாவது ஓவர் கடைசிப் பந்து. இரண்டு ரன் வேண்டும், கடைசி விக்கெட். கிரீஸில் நிற்பது யார்? அடியேன். வரவேண்டிய ஒருவனுக்கு ஓவர்டைம் விழுந்ததால் நாற்பத்தாறு வயதுத் தொப்பையோடு நான் இறக்கப்பட்டிருந்தேன். பந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். பேட்டின் ஓரத்தில் மெல்லிதாக ஒரு 'டிக்'. திரும்பிப் பார்த்தால் பந்து கான் பாயின் கிளவுஸுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத அவுட்.

மைதானமே வாயை மூடிக்கொண்டது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்க, கான் பாய் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே என் காதில் விழுகிற மாதிரி, "யல்லா! ஓடு!" என்றார்.

ஓடினேன். ஓடுகிற பக்கத்தில் நேர் எதிரே சிக்னல் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கோட்டைத் தொட்டுத் திரும்பி மறுபடி ஓடினேன். இரண்டாவது ரன்னுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும் வரை கான் பாய் ஸ்டம்புக்குப் பக்கத்தில் பந்தோடு பொறுமையாக நின்றார். எங்கள் ஆட்கள் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி வீசிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

சிக்னல் நேராக என்னிடம் வந்தார். "சார், பேட்டுல பட்டுச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனிதரிடம் பொய் வரவில்லை. "பட்டுச்சு" என்றேன்.

"எனக்கும் கேட்டுச்சு. சட்டப்படி நான் கை தூக்க முடியாது, சரி. ஆனா இது ஜெயிச்சதுல சேராது சார். நோட்டுல தோல்வின்னே எழுதிருங்க."

செல்வியின் குரல்தான் காதில் கேட்டது. அவள் போன் பண்ணியதையும் கான் பாயிடம் நான் கெஞ்சியதையும் சொல்லிவிட்டு, "அப்ப ஊரு?" என்றேன்.

அவர் டிரெய்லர் டிரைவர்களைப் பார்த்தார். அவர்கள் தோற்றதற்காகக் கொஞ்சம் கூட வருத்தமில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போறேன் சார்," என்றார். "என் பொண்டாட்டி யாருன்னே தெரியாது இவங்களுக்கு. அவளுக்காகப் பதினோரு பேரு காலையில இருந்து வாயப் பொத்திக்கிட்டு நின்னிருக்கானுங்க. இதுக்கப்புறமும் சபதம் கிபதம்னு இங்கயே கெடந்தேன்னா நான் மனுசனா சார்?"

மறுநாள் காலை நான் ஆபீஸைத் திறக்கும் முன்பே லீவு ஃபாரத்தோடு வாசலில் நின்றார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நானே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்கினேன். வழியெல்லாம் பேச்சில்லை. என் மேல் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்தேன். அவுட்டென்று தெரிந்தும் அவர் கண்ணெதிரே ஓடியவன் நான்தானே. பெட்டியை டிராலியில் வைத்துவிட்டு நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"சார், அன்னிக்கு சொல்ல விட்டுப்போச்சு. அந்த ரெண்டாவது ரன்னு... நல்லா ஓடுனீங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அந்த மனிதருக்காக என்றால், அவுட்டான பிறகு இன்னும் எத்தனை ரன் வேண்டுமானாலும் ஓடுவேன்.