நன்றி சொல்லக் கூடாத நாற்று

சுவாவ்கி, மே 27

மதிப்பிற்குரிய ரெகினா அக்காவுக்கு,

தங்கை வீட்டுக்காரன் லெஷெக் எழுதிக்கொள்வது. முதற்கண் நான் உடல்நலத்தோடு இருப்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் முழங்காலும், தேனீப் பெட்டிகளும், என்னைக் கண்டால் துரத்தும் அந்த வாத்தும் அவ்வண்ணமே நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் தங்கை ஸோஷ்கா நாளை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். இதயத்தில் வைத்த புது வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீங்கள் பஸ்ஸில் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. நாற்பது தக்காளி நாற்றும் பிழைத்துவிட்டன. மேலே வைத்திருந்த சீட்டையும் படித்தேன்: ‘நன்றி கின்றின்னு சொல்லித் தொலைக்காதே, பட்டுப்போயிடும்.’ கொடுத்த செடிக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் வேர் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தில் அது வராது. உங்கள் சீட்டிலிருந்து எடுத்து எழுதியது கணக்கில் சேராது என்று நம்புகிறேன். பெட்டியை நீட்டிய பஸ் டிரைவரிடம் வாய் வரை வந்துவிட்டது. கடித்து விழுங்கி, இருமி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அன்றிலிருந்து எதற்கு வம்பு என்று ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும்கூட அதைச் சொல்வதில்லை. நேற்று பாதிரியார் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார், நான் அவரை முறைத்துவிட்டுப் போனேன். கவலையில் லெஷெக்கிற்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேச்சு.

நாற்று கேட்டு அன்று தொலைபேசியில் நான் உளறியது உங்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, நீங்களும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டீர்கள், அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஸோஷ்கா மே நான்காம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தோட்டம் முழுவதையும் வரைந்து கொடுத்தாள்: வேலியோரம் வெள்ளரி, சமையலறைச் சுவரோரம் பீன்ஸ், வெயில் விழும் பாத்தியில் தக்காளி. அதன் கீழே, ‘ஸோஷ்காவுக்குப் பிறகு நடவும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டியவன், எழுதிக் கொடுத்ததை எழுதியபடி செய்பவன். ஸோஷ்கா காலையில் கிளம்பினாள். மதியமே அவள் தொட்டியில் வளர்த்து வைத்திருந்த நாற்பது தக்காளி நாற்றையும் நட்டேன்.

அவள் எழுதியது குளிர் ஸோஷ்கா என்கிற புனிதையின் திருநாளை, அது மே பதினைந்து, அது தாண்டுகிறவரை உறைபனி போகாது, தக்காளியை வெளியே வைக்கக் கூடாது, இது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியுமே என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும் அக்கா. ஆனால் அந்த வாரம் உலகத்தில் எனக்கு ஒரே ஒரு ஸோஷ்காதான் இருந்தாள்.

பக்கத்து வீட்டு கியெனெக் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்னப்பா, ஸோஷ்கா வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டியா?” என்றான்.

“அவ வந்து என்ன பண்ணப் போறா? மூணு மாசத்துக்குக் குனியவே கூடாதாம்.”

“யாரு குனியக் கூடாது?”

“ஸோஷ்காதான்!”

“ஏன், வரும்போது மோசமா வருவாளோ?”

“வாயைக் கழுவுடா!” என்று மண்வெட்டியைத் தூக்கினேன். பாவம், அவன் வானிலையைப் பற்றிப் பேசியிருக்கிறான். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. பதின்மூன்றாம் தேதி காலை எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை, பாத்தியில் நாற்பது செடியும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குகின்றன. அவளுடைய இறகு மெத்தையைக் கொண்டுவந்து போர்த்தினேன். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து அவளுடைய முடி உலர்த்தும் கருவியை ஒவ்வொன்றுக்கும் காட்டினேன். கியெனெக் பார்த்துவிட்டு, “அப்படியே தலையும் சீவி விடு” என்றான். பிறகு அவனே வேலியைத் தாண்டி வந்து மெத்தையை எடுத்து மடித்துக் கொடுத்து, “விடு லெஷெக், போயிடுச்சு” என்றான்.

சந்தையில் வேறு நாற்று வாங்கலாம் என்றான். அதில்தான் சிக்கல். இது அவள் வருஷா வருஷம் விதை எடுத்து வைக்கும் மாட்டு இதயத் தக்காளி, உங்கள் அப்பா வீட்டு விதை. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்து, “ஆகஸ்டுல என் தக்காளியை நான் சாப்பிடணும் லெஷெக்” என்றாள். எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது, பயமாகவும் இருந்தது. கண் திறந்த பிறகு தினமும் தொலைபேசியில் முதல் கேள்வி, “என் புள்ளைங்க எப்படி இருக்கு?” என்பதுதான். நானும் “ஜோரா இருக்கு” என்று பொய் சொல்லிவிட்டேன். மறுநாள் “பூ விட்டிருக்கா?” என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். வார்டில் ஆளுக்கு ஒரு கிலோ தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாளாம், நர்சுகளையும் சேர்த்துப் பதினோரு பேர். அந்த விதை இன்னொருவரிடம் இருக்கிறதென்றால் அது நீங்கள்தான். நாலு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் விருந்தில் அவள் வைத்த பீட்ரூட் சூப்பைக் குடித்துவிட்டு, “பாக்கெட் பொடியா?” என்று கேட்டீர்களே, அன்றிலிருந்து அவளும் உங்களிடம் பேசவில்லை, நீங்களும் அவளிடம் பேசவில்லை. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் உங்களைக் கூப்பிட்டேன்.

இப்போது வேண்டுவது ஒன்றுதான். நாற்று உங்களுடையது என்று நானாகச் சொல்ல மாட்டேன், நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவள் தன் தக்காளி என்றே நினைத்துக்கொண்டு ஆகஸ்டு வரை நிம்மதியாக இருக்கட்டும். இதயம் இன்னும் ஆறவில்லை. உங்களுக்கும் உங்கள் தேனீக்களுக்கும் கடவுள் நல்ல கோடையைத் தரட்டும். வாத்துக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

என்றும் மரியாதை மறவாத,
லெஷெக்

பி.கு. (மே 28): கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஸோஷ்கா வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கைத்தடியோடு நேரே தோட்டத்துக்குப் போனாள். நின்றாள். பார்த்தாள். எல்லாத் தண்டும் ஒரே பக்கமாக வளைந்திருப்பதைத் தடியால் காட்டி, “இது ரெகினா வளர்த்தது” என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன். “ஜன்னல்ல வெச்ச தொட்டியைத் திருப்பி வைக்கவே மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே சோம்பேறி” என்றவள், அங்கேயே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து அழுதாள். என் நாற்பது செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நன்றி சொன்னியா?” என்றாள்.

“சொல்லக் கூடாதே.”

“சொல்லு.”

“எல்லாம் பட்டுப்போயிடும் ஸோஷ்கா. ஆகஸ்டு?”

“போனா போகட்டும். உள்ள போய் எழுது.”

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். நன்றி அக்கா. இரண்டு தரம் எழுதச் சொல்கிறாள்: நன்றி. இனி இந்த நாற்பதும் பிழைக்காது, எனவே இன்னொரு பெட்டி நாற்று வேண்டியிருக்கிறது. இந்த முறை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டாமாம். நீங்களே கொண்டுவர வேண்டுமாம். சூப் வைக்கிறாளாம்.