காணாமல் போன கிளாஸும் கேட்டில் நிற்கும் லாரியும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் பெண்ணும் சௌக்கியமா என்று நாலு வரி விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. போனில் பேசியிருக்கலாம். பேசினால் என் குரல் ஏறும், பின்னாலிருந்து பெண் "அப்பா..." என்பாள், நான் அடங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம். நாளைக் காலை பஸ்ஸில் அங்கே வரும் உங்கள் மாமியார் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் மோட்டார் கம்பெனிக்கு நீங்கள் போட்டுக்கொடுத்த சாஃப்ட்வேர் திங்கட்கிழமையிலிருந்து மக்கர் செய்கிறது. மற்றதெல்லாம் ஓடுகிறது, லாரி வெளியே போவதற்கான கேட் பாஸ் மட்டும் அச்சாக மாட்டேன் என்கிறது. பொத்தானை அழுத்தினால் சிவப்பில் ஒரு பெட்டி வந்து, இன்ன கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது. இன்ன என்றால், நடுநடுவே புள்ளி வைத்து, ஒரே மூச்சில் படிக்க முடியாத நீளத்தில் ஒரு பெயர். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். பிரிண்டரை மாற்றினோம். கணக்குப் பார்க்கும் அம்மா, சர்வர் அறையில் புழுக்கம், அதற்கு மூச்சு முட்டுகிறது என்று தன் மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தார். சர்வர் குளிர்ந்தது, கிளாஸ் வரவில்லை, அந்த அம்மாவுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

உங்கள் ஆபீஸ் உதவி எண்ணுக்கும் பேசினேன். எடுத்த பெண் நல்ல பொறுமைசாலி. "கிளாஸ்னா புரோகிராமோட ஒரு துண்டு சார். வேணுங்கிறப்ப மெயின் புரோகிராம் அதைத் தேடும். இருக்க வேண்டிய ஃபோல்டர்ல அது இல்ல, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். இத்தனை வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன் மாப்பிள்ளை, ஒரு வாஷர் இடம் மாறியதில்லை. வருஷக் கடைசியில் அலமாரி அலமாரியாகப் பார்த்து, ஆறு மாதம் யார் கையும் படாத சரக்கையெல்லாம் ஓரங்கட்டிவிடுவேன். அதனால்தான் என் ஸ்டோர்ஸில் ஆள் நடக்க முடிகிறது. இந்த வருஷம் கம்ப்யூட்டரும் இடம் போதவில்லை என்று புலம்பியதால், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து அதையும் அதே மாதிரி சுத்தம் செய்து கொடுத்தேன். அப்படிப்பட்ட என்னிடம், "சமீபத்துல அந்த மெஷின்ல யாராவது எதையாவது மாத்தினீங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். "யாரும் ஒண்ணும் மாத்தலம்மா, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

இதற்குள் கேட்டில் சரக்கு ஏற்றிய லாரி நிற்கிறது. நானே கையால் பாஸ் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். வாட்ச்மேன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோடு கோடா ஒண்ணு இருக்குமே சார், அது எங்க?" என்றார். ஸ்கேலை வைத்துக் கோடும் போட்டுக் கொடுத்தேன். அவர் கையிலிருந்த கருவி கத்தவில்லை, நான்தான் கத்தினேன். டிரைவர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "இனிமே நம்ம விலாசம் இதுதாங்க" என்கிறார்.

நேற்று முதலாளி வந்து அத்தனை பேர் முன்னாலும், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஆளைக் கூப்பிடுவேன். உங்க மாப்பிள்ளைன்னு நீங்க சொன்னதுக்காகத்தான் குடுத்தேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன்னால், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா என்று உங்களைப் பற்றிக் கேட்டவன் நான்தான். என் பெண் இதற்குள் போட்டுக்கொடுத்திருப்பாள். ஆனால் இந்த சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து கேண்டீனில் உங்கள் பெருமையைத் தவிர நான் வேறு பேசியதில்லை. வேறொருவன் வந்து உங்கள் வேலையைக் கழற்றிப் போட்டால் நான் எந்த முகத்தோடு அங்கே சாப்பிடப் போவேன்? சாமானை அதன் இடத்தில் வைக்கும் பழக்கம் வேண்டாமா மாப்பிள்ளை? லீவு போட்டுவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேருங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பேச்சும் சிரிப்பும் குறையாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். பெண்ணுக்கு என் ஆசிகள். சம்பந்திகளுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: பைக்குள் வைக்கப் பேனா தேடிய உங்கள் மாமியார், என் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, "இது என்னங்க?" என்றாள். மேலே என் கையெழுத்தில் 'அசையாத சரக்கு' என்று ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரிலிருந்து ஓரங்கட்டியது. நீங்கள் போட்ட நாளிலிருந்து தேதியே மாறாத ஃபைல்கள். யார் கையும் படாதவை என்று நினைத்துவிட்டேன். உடனே கம்பெனிக்கு ஓடிப்போய் அவற்றை இருந்த இடத்திலேயே வைத்தேன், பாஸ் வந்தது, லாரி போய்விட்டது. நீங்கள் போனிலேயே சரிசெய்ததாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், "அப்படியே போகட்டும், மாப்பிள்ளையும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று உங்கள் மாமியார் விடமாட்டேன் என்கிறாள். இதை எழுதும்போதுகூடக் காகிதத்தின் ஒரு முனை அவள் கையில்தான் இருக்கிறது. முதலாளிக்கு உங்கள்மேல் ஏகப்பட்ட சந்தோஷம். இனிமேல் கண்டவர்களும் உள்ளே நுழையக்கூடாது என்று சர்வர் அறையைப் பூட்டி, சாவியை, இங்கே ஒழுங்கான ஆள் இவர் ஒருத்தர்தான் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். அதையும் உங்கள் மாமியாரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.