லோ என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்

ஏழு பகல் நடந்தால் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லையை அடைந்துவிடக்கூடிய வேணாவரை என்னும் நாட்டில் ‘லோ’ என்று ஒரு சொல் இருந்தது. வடக்கு மலையில் அதற்கு உப்பு என்று பொருள். கிழக்குக் கடற்கரையில் மாமியார். தெற்கே குழந்தையின் கொட்டாவி. மேற்கு மேய்ச்சல் நிலத்தில் ‘வேண்டாம்’. நடுவிலிருந்த மணலாற்றுப் படுகையிலோ ‘வெள்ளம் வருகிறது, மேடேறு’ என்பது பொருள். இத்தனை பொருள்களோடும் அந்நாட்டார் குழப்பமின்றி வாழ்ந்தனர். சந்தையில் ஒருவன் நாக்கைத் தொட்டுக் காட்டி லோ கேட்டால், கடைக்காரர் உப்பைத்தான் அளந்தார். மாமியாரைத் தேடிப் போகவில்லை.

மணலாற்றில் ஆண்டுக்குப் பத்து மாதம் நீர் இராது. அந்த மணலில் நாற்பது குடும்பங்கள் வெள்ளரி பயிரிட்டன. மலையில் பெய்த மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேர்ந்துவிடும். ஆகையால் கரைப்பாறையின்மேல் இலஞ்சி என்பவள் காவல் இருந்தாள். அவள் கூவினால் படுகை முழுதும் மேடேறும். காது கேளாதவர்களுக்காகப் பாறையடியில் ஒரு பானை நீர் வைத்திருந்தாள். அதில் கையை நனைத்து ஓடிச் சென்று அவர்களுடைய தோளில் வைப்பாள். ஈரக்கை பட்டவர் ஏன் என்று கேளாமல் எழுந்துவிட வேண்டும் என்பது படுகையின் வழக்கம்.

புதிதாக முடிசூடிய திருவளர்கோமான், மேய்ச்சல் நிலம் முழுவதற்கும் வேலியிடப் போவதாக மேற்கே சென்று அறிவித்தார். பத்தாயிரம் பேர் கைகளை உயர்த்தி, “லோ! லோ!” என்று முழங்கினர்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று அரசர் வினவினார்.

சொல்லமைச்சர் பெருங்குரலார் கண்ணிமைக்காமல் விடையளித்தார்: “அரசர் வாழ்க என்கிறார்கள், பெருமானே.”

அரசர் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு இனிய பொருள் இருக்கையில் அச்சொல்லுக்கு வேறு பொருள்கள் எதற்கு என்று கேட்டார். அன்று மாலையே முதல் ஆணை பிறந்தது: லோ என்றால் ‘அரசர் வாழ்க’, பிற பொருள்கள் நீக்கப்பட்டன.

உப்புக்கு ‘மலைபடு வெண்சுவைப் பொருள்’ என்று பெயரிட்டனர். அப்பெயரை முழுமையாகச் சொல்லத் தெரியாத மலைக் குழந்தைகள் உப்பில்லாக் கஞ்சி குடித்தனர். ‘வெள்ளம்’ என்பது ஆட்சிக்கு இழுக்கு ஆகையால் அதையும் விலக்கி, இலஞ்சிக்கு ‘மிகைநீர் வரத்து முன்னறிவிப்பு’ என்னும் தொடரை எழுதிக் கொடுத்தனர்.

அவ்வாண்டின் முதல் வெள்ளத்தில் இலஞ்சி அத்தொடரைக் கூவினாள். சடையன் என்னும் முதியவர் வெள்ளரிக் கொடியிலிருந்து நிமிர்ந்து, “என்னா சொல்ற, தாயி?” என்று கேட்டார். அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது.

இலஞ்சி தலைநகருக்கு நடந்து சென்று சொல்லமைச்சரின் முன் நின்றாள்.

“ஐயா, ஒரே மூச்சுல கூவுற மாதிரி ஒரு சொல்லு வேணும். எங்க பழைய லோவையே குடுங்க. நீங்க குடுத்ததச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சடையன் மாமா போய்ட்டாரு.”

“மறைந்தவர் மொழிப்பயிற்சி அற்றவர் என்று விசாரணையில் தெரியவந்துள்ளது.”

“நல்லா நீச்சல் பயிற்சி இருந்தும்தான் போய்ட்டாருங்க.”

“உன் முன்னோர் இச்சொல்லை நீ கூறும் பொருளில் வழங்கினர் என்பதற்குச் சாட்சி உண்டா?”

“மாமாதாங்க சாட்சி.”

பெருங்குரலார் சாளரத்தின் வழியே வடக்கு மலையை நோக்கினார். பிறகு இரண்டு ஆணைகளை எழுதினார். லோ என்பதை வாழ்த்தாக அன்றி வேறு பொருளில் எவரேனும் கூவினால், படுகையின் நாற்பது குடும்பங்களும் நிலம் இழக்கும். அச்சொல் எங்குக் கேட்டாலும், கேட்டவர் நின்ற இடத்திலேயே கண்களை மூடி, நூறு எண்ணும்வரை அசையாதிருக்க வேண்டும்.

இலஞ்சி திரும்பி வந்து பாறையில் அமர்ந்தாள். கூவினால் நிலம் போகும். நின்று கண்ணை மூடினால் உயிரும் போகும். அவளுடைய தங்கை குடும்பமும் அந்த மணலில்தான் இருந்தது.

‘ஒருபொருள் திருநாள்’ வந்தது. அதைக் கொண்டாட நாட்டிலேயே அகன்ற திடல் மணலாற்றுப் படுகைதான் என்று அதிகாரிகள் கண்டறிந்தனர். வெள்ளரிக் கொடிகளைப் பிடுங்கிப் பந்தல் போட்டனர். அரசர் வரவில்லை, அவருடைய திருவுருவப் படம் வந்தது. நாற்பது குடும்பங்களையும் முன்வரிசை மூன்றில் அமர்த்தி, பெருங்குரலார் பேசத் தொடங்கினார்.

உச்சிவெயிலில் மலைமுகடு கறுத்ததை இலஞ்சி கண்டாள். அவள் கூவவில்லை. பானையில் இரு கைகளையும் முழங்கைவரை நனைத்துக்கொண்டு இறங்கினாள்.

தங்கையின் தோளில் முதற்கை விழுந்தது. தங்கை எழுந்து, பானையருகே சென்று தன் கையையும் நனைத்துக்கொண்டு வந்து அடுத்தவர் தோளில் வைத்தாள். பேச்சின் ஏழாம் பகுதி முடிவதற்குள் முன்வரிசை மூன்றும் காலியாயின.

“குடிமக்கள் ஏன் எழுந்து போகின்றனர்?” என்று பெருங்குரலார் கேட்டார்.

“உணர்ச்சிப் பெருக்கு, ஐயா” என்றார் ஓர் அதிகாரி.

அதற்குள் இலஞ்சி மேடையேறி அமைச்சரின் தோளிலும் ஈரக்கையை வைத்தாள். அவருடைய வலக்கால், அவரைக் கேளாமலே, ஓரடி எடுத்து வைத்தது. அவர் அதை வலிந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“யார் இவள்? பட்டு அங்கியை ஈரமாக்கிவிட்டாளே!”

“வெள்ளம் வருதுங்க. மேட்டுக்கு வாங்க. எல்லாரையும் வரச் சொல்லுங்க.”

“வானம் வெளுத்திருக்கிறது. மேலும், முன்னறிவிப்பை உரிய வடிவில் நீ சொல்லவில்லை.”

வளைவில் நுரை தெரிந்தது. பெருங்குரலார் அதைக் கண்டார். அவருடைய வாயிலிருந்து, அரசவையில் எவரும் கேட்டிராத ஒரு படுகைக் குரல் வெடித்தது:

“லோ! லோ! லோ!”

இலஞ்சி திகைத்தாள். வெள்ளரி மணலில் பிறந்து வளர்ந்த ஒருவரால் மட்டுமே அப்படிக் கூவ முடியும்.

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமைச்சர் ஓடினார். மேடையிலிருந்த அறுபது அதிகாரிகளும் சட்டப்படி கண்களை மூடி நின்றனர். வெள்ளம் மேடையை மூடியபோது படுகையார் கரையிலிருந்து கயிறு வீசினர். கண் திறந்தவர்களால் மட்டுமே அதைப் பிடிக்க முடிந்தது. பதினொருவர் பிடித்தனர்.

கரையில் சேற்று நீரைக் கக்கிக்கொண்டிருந்த அமைச்சரிடம் இலஞ்சி தாழ்ந்த குரலில் கேட்டாள்: “நீங்க யார் வீட்டுப் புள்ளைங்க?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிழைத்திருந்த எழுத்தரைப் பார்த்து, “எழுது” என்றார். “அமைச்சர் மும்முறை அரசரை வாழ்த்தினார். அதிகாரிகள் இறுதிவரை அசையாது நின்று மரியாதை செலுத்தினர்.”

அரசர் அக்குறிப்பைப் படித்துக் கண் கலங்கினார். நாற்பத்தொன்பது பேருக்கும் சிலை வைக்க ஆணையிட்டார். பிறகு ஓர் ஐயம் எழுப்பினார்: மக்கள் மட்டும் ஏன் முன்கூட்டியே எழுந்து போனார்கள்?

மறுவாரம் படுகைக்கு ஓர் அதிகாரி வந்து, உரிமமின்றி எவரும் கையை நனைக்கலாகாது என்னும் புதிய ஆணையைப் படித்தார். இலஞ்சி அப்போது பானையருகில் நின்றிருந்தாள். அவள் கைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.