இரண்டு தட்டலுக்கு ஒரு மாநாடு

கண்டனக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ரொறன்ரோவில் இருந்துகொண்டு அப்படி ஒருவரையும் கண்டதில்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். அஜின்கோர்ட்டில் எந்தத் தமிழ் உணவகத்துக்கும் ஞாயிறு பின்னேரம் போங்கள். பின்பக்கத்து மண்டபத்தில், ஆறிப்போன ரோல்ஸ் தட்டுக்கு முன்னால், ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி, "இதை இப்பிடியே விடேலாது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்தான்.

எதை விட முடியாது? அது முக்கியமில்லை. போன மாதம் வேறொன்றை விட முடியாமல் இருந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. இவரால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: ஒரு குறை தீர்ந்துபோவது. தாழ்வாரத்து மின்குமிழ் எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் புதுக் குமிழ் ஒன்றைக் கொண்டுவந்து, கதிரையில் ஏறி, மாட்டிவிட்டு இறங்கிவிடுவோம். இவரும் கதிரையில் ஏறுவார். ஆனால் பேசுவதற்கு ஏறுவார்.

எங்கள் வட்டாரத்துக் கண்டனக்காரர் வோபர்னில் வசிக்கும் சாமித்தம்பி அண்ணை. மட்டக்களப்புக்காரர், வந்து முப்பது வருடம். கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளர். அது அவருடைய வேலை. தொழில் தலைமை தாங்குவது. பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், முதியோர் கழகம், நடைப்பயிற்சிக் குழு, எல்லாவற்றிலும் தலைவர், முன்னாள் தலைவர், அல்லது தலைவரைக் கவிழ்க்கப் பாடுபடுகிறவர். நடைப்பயிற்சிக் குழு இதுவரை நடந்ததில்லை. எந்தப் பக்கம் நடப்பது என்பதில் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இந்தப் பதவிகள் ஒருமுறை ஒரு குடும்பத்தையே உடைத்திருக்கின்றன. ஐந்து வருடத்துக்கு முன் மகள் சுலக்சனாவின் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது, சாமித்தம்பி அண்ணை தன் பெயருக்குக் கீழே எல்லாப் பதவிகளையும் வரிசையாகப் போட்டார். போட்டு முடிய இடம் முடிந்துவிட்டது. விடுபட்டது ஒரேயொரு பெயர். மனைவி பரிமளம் அக்காவின் ஒரே தங்கை, மட்டக்களப்பில் இருக்கிற துர்க்காவின் பெயர். "நான் என்ன செத்தா போனன்?" என்று துர்க்கா தொலைபேசியில் கேட்டார். பரிமளம் அக்கா கணவரை விட்டுக்கொடுக்காமல் ஏதோ சொல்லப்போக, வார்த்தை தடித்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து வருடம். சாமித்தம்பி அண்ணையோ அப்போதும் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

பிறகு துர்க்கா சமையல் வீடியோ போடத் தொடங்கினார். பரிமளம் அக்கா அதைத் தேடிப் பிடித்துவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் குசினி மேசையில் டப்லெட்டைச் சாய்த்து வைத்து, வெங்காயம் உரித்தபடி தங்கையின் குரலைக் கேட்பார். கருத்து எழுதமாட்டார். விருப்பக்குறி போடமாட்டார். கேட்பார், அவ்வளவுதான். சமைக்கவா? துர்க்காவுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தானே!

ஒரு சனிக்கிழமை துர்க்கா வாயைத் திறந்தார். வந்தது ஒரு வெள்ளைக்கார ஆம்பிளையின் குரல்.

செயற்கை நுண்ணறிவாம். யாரும் கேளாமலே தமிழை ஆங்கிலமாக்கி, விமான நிலையத்தில் 'விமானம் தாமதம்' என்று அறிவிக்கிறவன் போல ஒருவனை விட்டு வாசிக்கவைத்திருந்தார்கள், வீடியோத் தளத்துக்காரர். துர்க்கா அகப்பையை ஆட்டுகிறார், அவன் பேசுகிறான். ஃபோனில் போட்டாலும் அவனே வந்து நின்றான். ஏன் வந்தான் தெரியுமா? வீட்டில் இருந்த ஃபோன், டப்லெட், தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருந்தவர் சாமித்தம்பி அண்ணை. குடியுரிமை கிடைத்த வருடம், "இனி நாங்கள் கனேடியர்" என்று மார்தட்டிக்கொண்டு செய்த காரியம். இந்த வீட்டுக்காரருக்கு ஆங்கிலம்தான் வேண்டுமாக்கும் என்று இயந்திரம் நினைத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல முடியுமா?

அதுகூடப் பரவாயில்லை. அன்றைக்குத் துர்க்கா வைத்தது புளியாணம். புளியைக் கரைத்து ஊற்றும்போது அந்த வெள்ளைக்காரக் குரல் சொன்னது: "மை எல்டர் சிஸ்டர் வுட் யூஸ் ட்வைஸ் த டாமரிண்ட். ஹெர் ஹேண்ட் இஸ் லைக் தட்." அடுத்த நொடியே உப்பு: "நவ் ஆட் சோல்ட்."

அக்கா என்றால் இதுக்கு இரண்டு மடங்கு புளி விடுவா, அவவின் கை அப்படி. பரிமளம் அக்காவுக்கு அர்த்தம் விளங்கிவிட்டது. விளங்காதது ஒன்றுதான். துர்க்கா இதை எப்படிச் சொன்னாள்? நக்கலாகவா, ஆசையாகவா? உலகம் பார்க்கிற வீடியோவில் அக்காவின் கையைப் பழிக்கிறாளா, இல்லை நினைத்துக்கொள்கிறாளா? அந்தப் பாழாய்ப்போன குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப, அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறார்.

"இஞ்சருங்க, இந்த ஆளை ஒருக்கா நிப்பாட்டித் தாங்களன்" என்று கணவரைக் கேட்டார்.

சாமித்தம்பி அண்ணை வந்தார். பார்த்தார். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐயோ, அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும்.

"தொடாத!" என்றார். "அப்பிடியே கிடக்கட்டும். இது ஆதாரம்."

அன்று பின்னேரமே 'தாய்க்குரல் மீட்புப் பேரவை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு உதயமானது. என்னைக் கேளாமலே என்னைச் செயலாளராக்கினார். நானும் விலகவில்லை. முதல் நாள் இருபத்துமூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்று போட்டார். அதில் பத்தொன்பது நிமிடம் தன்னுடைய சேவைகள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கண்டன அறிக்கை, சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான ஆங்கிலம். யார் எழுதியது என்று கேட்டேன். "ஏஐயிட்டக் குடுத்தனான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அடுத்தது கண்டன மாநாடு. அதன் ஆயத்தக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தோம். அமிர்தநாதர் மாஸ்ரர் எழுந்து, 'டப்பிங்' என்று சொல்வதே ஒரு சரணாகதி, அதற்குத் தமிழ்ச் சொல் முடிவாகாமல் அடுத்த விடயத்துக்குப் போகக்கூடாது என்றார். நாற்பது நிமிடம் போனது. கடைசியில் அதற்கு ஒரு உபகுழு போட்டோம். அப்போதுதான் மூலையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்வேட், பாவம், கூட்டங்களுக்குப் புதியவன், கையை உயர்த்திக் கேட்டான்:

"அண்ணை, உந்தக் குரலை ஓஃப் பண்ணேலாதோ?"

சாமித்தம்பி அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீர் உம்மட ஃபோனில ஓஃப் பண்ணிப்போட்டு நித்திரை கொள்ளுவீர். சரி. அப்ப இனத்தின்ட கதி என்ன? இதைத்தான் தனிமனிதத் தீர்வு எண்டு சொல்லுறது. இப்பிடி ஆளாளுக்கு ஓஃப் பண்ணிக்கொண்டு போனா, போராட்டம் எங்க நிக்கும்?"

கைதட்டல். நானும் தட்டினேன். எட்வேட் மிச்ச ரோல்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த இனத்தின் சூட்சுமம் இதுதான். கண்டனக்காரருக்குப் பிரச்சினை ஒரு கறவைப் பசு. அதைத் தீர்த்துவிட்டால் நாளைக்கு எதைக் கறப்பார்? எந்த மேடையில் ஏறுவார்? எந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொள்வார்? வீட்டில் டப்லெட்டின் மேல் 'ஆதாரம், தொடவேண்டாம்' என்று மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். இரண்டாம் கிழமையும் பரிமளம் அக்கா கேட்டார். "மாநாடு முடியட்டும்" என்றார். மூன்றாம் கிழமை கேட்டபோது, "உனக்கு உன்ட தங்கச்சி மட்டும்தான். எனக்கு உலகத் தமிழர்" என்றார்.

உலகத் தமிழருக்காக மூன்று கிழமை ஓடித்திரிந்த மனுசன், பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிற ஒரு தமிழிச்சியின் முகத்தை ஒருக்கால் பார்த்திருக்கலாம். பார்த்தால்தானே!

மாநாட்டுக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை. பரிமளம் அக்கா டப்லெட்டையும் தூக்கிக்கொண்டு கீழே உடுப்புத் தோய்க்கப் போனார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற பவ்யா அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரி, கணினி வேலை. வெள்ளைக்காரன் புளியாணம் வைப்பதை இரண்டு நிமிடம் கேட்டவர், பொறுக்க முடியாமல் கிட்ட வந்தார்.

"என்ன ஆன்ட்டி, இதை ஏன் இந்தக் குரல்ல கேக்குறீங்க?"

"அது நிக்குதில்ல பிள்ள. மாநாடு வைக்கவேணுமாம்."

"மாநாடா? இந்தப் பல்சக்கரம் மாதிரி இருக்குல்ல, அதைத் தட்டுங்க. ஆடியோ ட்ராக்னு வருதா? உள்ள ஒரிஜினல்னு இருக்கும், அதையும் தட்டுங்க. அவ்வளவுதான். மொழியையும் தமிழுக்கு மாத்திவிடுறேன், இனி தொல்லை இருக்காது."

பரிமளம் அக்கா மஞ்சள் தாளை ஒரு கையால் உரித்துவிட்டு, மற்றக் கைப் பெருவிரலால் இரண்டு முறை தட்டினார்.

"எங்கட அக்கா எண்டா இதுக்கு ரெண்டு மடங்கு புளி விடுவா" என்றார் துர்க்கா, துர்க்காவின் குரலிலேயே. "அவட கை…"

அங்கே குரல் நின்றுவிட்டது. அகப்பையும் நின்றது. நாலைந்து நொடி, அடுப்புச் சத்தம் மட்டும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவட கை அப்பிடி" என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் உப்பு. அந்த நாலைந்து நொடியை இயந்திரம் வெறும் இடம் என்று நினைத்து, உப்பை முன்னே இழுத்துப் போட்டு நிரப்பியிருக்கிறது!

பரிமளம் அக்கா தோய்க்கிற மெசினைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாராம். பவ்யா பிறகு என்னிடம் சொன்னது. அழுதுகொண்டே ஃபோனை எடுத்து, ஐந்து வருடம் அழுத்தாத இலக்கத்தை அழுத்தினார். அங்கே பின்னேரம். துர்க்கா உடனே எடுத்துவிட்டார். பரிமளம் அக்காதான் தொடங்கினார்.

"ரெண்டு மடங்கு இல்ல புள்ள. ஒண்டரைதான்."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு, "கல்யாணக் கார்டை யாரு அடிச்ச?"

"அவருதான்."

"தெரியும்" என்றார் துர்க்கா.

மறுநாள் மாநாடு. மண்டபத்தில் நாற்பது பேர். சாமித்தம்பி அண்ணை திரையைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்து நின்று, "இப்ப கேளுங்கோ, இந்தக் கொடுமையை!" என்று முழங்கி, முதுகுப் பக்கமாகக் கையை விட்டு டப்லெட்டைத் தட்டினார். துர்க்கா பேசினார். சுத்தமான மட்டக்களப்புத் தமிழில், வணக்கம் சொல்லிப் புளியாணத்துக்கு வேண்டிய சாமான்களை அடுக்கினார். ஒரு கொடுமையும் இல்லை. ஒரு அம்மா எழுந்து, "எவ்வளவு மிளகு எண்டு சொன்னவ?" என்று கேட்டார்.

நான் நினைத்தேன், ஆள் முடிந்தார் என்று. எவ்வளவு மடையன் நான்! இந்த இனத்தை அப்படி முடிக்க முடியுமா? சாமித்தம்பி அண்ணை மூன்று நொடி வாயைப் பிளந்து நின்றார். நாலாவது நொடி ஒலிவாங்கியை உயர்த்தினார்.

"பாத்தீங்களா! எங்கட அறிக்கைக்குப் பயந்து அவங்களே நிப்பாட்டிப்போட்டாங்கள்! இது முதல் வெற்றி!"

மண்டபம் அதிர்ந்தது. பொன்னாடை வந்தது. அந்த ஆரவாரத்தில், பின்னால் திரையில் துர்க்கா குரல் உடைந்து நின்ற இடம் யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய மச்சான் சாமித்தம்பி அண்ணைக்கும் கேட்கவில்லை. பரிமளம் அக்கா வந்திருக்கவில்லை. வீட்டில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் ஏன் வரவில்லை என்று மேடையில் ஒருவரும் கேட்கவுமில்லை. வெற்றியைப் பாராட்டும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டக் குறிப்பில் அதை என் கையால் எழுதினேன்.

என்ன, சிரிக்கிறீர்களா? இல்லை, இந்தக் கட்டுரை ஒரு சமூகத்தையே அவமதிக்கிறது என்று ஆசிரியருக்குக் கண்டனம் எழுதத் தொடங்கிவிட்டீர்களா? எழுதுங்கள். பேரவையில் உபதலைவர் பதவி காலியாக இருக்கிறது. அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம், "இஞ்சருங்க, இதை ஒருக்காப் பாருங்களன்" என்று மூன்று கிழமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, அது என்ன?

நினைவில்லையா? என் மனைவியும் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கும் நினைவில்லை. நான் அப்போது கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.